வாசல் கதவில் ஒட்டியிருந்த துஆ

எங்கள் வீட்டு வாசல் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போகும்போது ஓதும் துஆ, அதாவது பிரார்த்தனை. பச்சைக் கரை போட்ட வெள்ளைத் தாள். மேலே அரபி, கீழே தமிழ் எழுத்தில் அதே வாசகம். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், ஜும்ஆ தொழுதுவிட்டு வரும்போது என் வீட்டுக்காரர் வாங்கிவந்தது. கதவுச் சங்கிலி ஆடி ஆடி உரசியதில் கடைசி வரி மட்டும் தேய்ந்துவிட்டது. பல வருடம் அந்தச் சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். கண் ஸ்டிக்கரைப் பார்க்கும், வாய் முணுமுணுக்கும், கால் செருப்பைத் தேடும். எனக்கும் அந்த துஆவுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

மதரஸாவில் ஓதிய காலத்திலேயே எல்லாம் மனப்பாடம். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், தூங்கும் முன், விழித்த பின் என்று உஸ்தாத் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்போம். அர்த்தம் யாரும் கேட்டதில்லை. அவை யார் வழியாக நம் கைக்கு வந்தன என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அதை மாற்றியவர் எங்கள் தெரு ஆலிமா, மார்க்கக் கல்வி கற்றவர். சனிக்கிழமை அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்காருவோம். ஒருநாள் அவர் கேட்டார்: "நபி (ஸல்) அவங்க வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன ஓதினாங்கன்னு உலகத்துக்கு எப்படித் தெரிஞ்சது? வெளியே காத்திருந்த ஆம்பளைங்க சொல்லியா, உள்ளே இருந்து வழியனுப்பினவங்க சொல்லியா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. நபியவர்களின் மனைவி அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் சொல்லித்தான் அது தெரியும் என்றார். "நபியவர்கள் என் வீட்டிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் வானத்தை நோக்கிப் பார்வையை உயர்த்தி இதை ஓதாமல் போனதில்லை" என்று அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அப்புறம் யோசித்துப் பார்த்தால் வரிசையாக வருகிறது. தூங்கப் போகும்போது இரு கைகளையும் சேர்த்து ஊதி, குல்ஹுவல்லாஹு, ஃபலக், நாஸ் ஆகிய மூன்று குர்ஆன் அத்தியாயங்களையும் ஓதி உடம்பில் தடவிக்கொள்வது, மழை பெய்யும்போது "அல்லாஹும்ம ஸய்யிபன் நாஃபிஆ" என்பது, கழிப்பறையிலிருந்து வந்ததும் "குஃப்ரானக" என்பது எல்லாம் நபியவர்களின் இன்னொரு மனைவி அன்னை ஆயிஷா (ரலி) வழியாக வந்தவை. நபியவர்களைப் பற்றி ஆயிஷா அவர்கள் சொன்ன அறிவிப்புகளை 2210 என்று கணக்கிடுகிறார்கள், உம்மு ஸலமா அவர்களுடையதை 378 என்று. அவற்றில் பல, வீட்டுக்குள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியவை.

உம்மு ஸலமா அவர்களுக்கு வாசலைத் தாண்டுவது என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். அவர்கள் பெயர் ஹிந்த். முதல் கணவர் அபூ ஸலமாவோடு அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக ஊர் பெயர்தல்) போனவர். பிறகு மதீனாவுக்குக் கிளம்பியபோது பிறந்த வீட்டார் வழிமறித்து, எங்கள் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் பிள்ளை எங்களுடையது என்று கணவர் வீட்டார் வந்தார்கள். இரண்டு பக்கமும் இழுத்ததில் குழந்தை ஸலமாவின் கை மூட்டு பிசகிவிட்டது. கணவர் மதீனாவில், பிள்ளை ஒரு வீட்டில், தாய் இன்னொரு வீட்டில். ஏறக்குறைய ஒரு வருடம், தினமும் காலையில் அப்தஹ் என்ற இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அழுதிருக்கிறார்கள். கடைசியில் விட்டார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டகத்தில் தனியாகக் கிளம்பியவருக்கு, அப்போது இஸ்லாத்துக்கே வராத உஸ்மான் பின் தல்ஹா குபா வரை துணைவந்தார். அவர்கள் இறங்க வேண்டிய இடத்தில் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டுத் தூரமாய் ஒதுங்கி நிற்பாராம்.

இதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான் முதல்முறையாக ஸ்டிக்கரின் அர்த்தத்தைத் தேடிப் படித்தேன். "யா அல்லாஹ்! நான் வழிதவறாமலும் என்னை யாரும் வழிதவற வைக்காமலும், நான் சறுக்காமலும் என்னை யாரும் சறுக்கிவிடாமலும், நான் யாருக்கும் அநியாயம் செய்யாமலும் எனக்கு யாரும் அநியாயம் செய்யாமலும், நான் யாரிடமும் மடத்தனமாக நடக்காமலும் என்னிடம் யாரும் அப்படி நடக்காமலும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன்." நான்கு ஜோடி. ஒவ்வொன்றிலும் முதலில் வருவது, என் பக்கத்திலிருந்து வரும் தவறு. இத்தனை வருடமும் வெளியுலகத்திலிருந்து என்னைக் காப்பாற்று என்று கேட்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

நான் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்த வாரமே கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டேன். அவள் உதடு நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சாயங்காலம் பில் புத்தகத்தின் அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவில் அந்த நோட்டு இருந்தது. காலையில் கதவருகே "அவ் அள்லிம" என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன், நான் அநியாயம் செய்யாமல் இருக்க வேண்டும் என்று! மறுநாள் அதே ஆட்கள் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து "அவ் அள்லிம" என்ற இடம் வந்தால் அரை நொடி நிறுத்துகிறேன். அரபி முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு துஆவில் ஒரு சொல்லாவது நம் வாழ்க்கையில் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிட்டால், பிறகு அதை வெறுமனே முணுமுணுக்க முடிவதில்லை.

அதற்கு அடுத்த வருடம் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. அம்மாவும் அத்தாவும் எங்களோடுதான் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம்தான் உள்ளே விடுவார்கள். முதல் நாள் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதலாம் என்று ஆரம்பித்து, பாதியில் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள் ஆலிமாவுக்கு போன் செய்து, சின்னதாக என்ன ஓதலாம் என்று கேட்டேன். நபியவர்கள் வீட்டில் நோயாளி யாராவது இருந்தால் வலது கையால் தடவி ஓதுவதாக ஆயிஷா (ரலி) அறிவித்த துஆவைச் சொன்னார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். "அத்ஹிபில் பஃஸ ரப்பன்னாஸ், வஷ்ஃபி அன்தஷ் ஷாஃபீ, லா ஷிஃபாஅ இல்லா ஷிஃபாஉக, ஷிஃபாஅன் லா யுகாதிரு ஸகமா." மனிதர்களின் இரட்சகனே, இந்த வேதனையைப் போக்கு, சுகம் கொடு, சுகம் தருபவன் நீயே, உன் சுகத்தைத் தவிர வேறு சுகமில்லை, நோயை மிச்சம் வைக்காத சுகத்தைக் கொடு.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வது நினைவுக்கு உதவும், உச்சரிப்புக்கு உதவாது. எங்கள் ஸ்டிக்கரில் "அளில்ல" என்பதிலும் "அள்லிம" என்பதிலும் ஒரே ள தான் இருக்கிறது, அரபியில் அவை இரண்டு வேறு எழுத்துகள். கல்ப் என்று தமிழில் எழுதினால் இதயமும் அதுதான், நாயும் அதுதான். ஓதத் தெரிந்த ஒருவர் வாயிலிருந்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அன்று ஆலிமா போனில் சொன்னதைப் பதிவு செய்துகொண்டு, வராண்டாவில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நான்காம் நாள் எனக்கு மாதவிடாய் ஆனது. காத்திருக்கும் இடத்தில் பழக்கமான ஒரு பெரியம்மா, "இப்ப நீ ஓதக் கூடாதும்மா, அம்மாவை ஓதச் சொல்லு" என்றார். நானும் அப்படிக் கேட்டே வளர்ந்தவள். அந்த நாட்களில் துஆப் புத்தகத்தைக்கூட என் பக்கத்தில் வைக்கமாட்டார்கள். மறுபடியும் ஆலிமாவைக் கூப்பிட்டேன். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஸரிஃப் என்ற இடத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இப்படி ஆகி, அழுதுகொண்டிருந்தார்கள் என்றார். நபியவர்கள் அவர்களைத் தேற்றி, இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது, கஅபாவைச் சுற்றும் தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்வதையெல்லாம் நீயும் செய் என்றார்கள். "தொழுகைதான் இல்லை. துஆ கேட்கிறதுக்கும் திக்ரு செய்றதுக்கும் என்ன தடை? உங்க அத்தாவுக்கு இப்ப நீங்க கேட்காம யார் கேட்கிறது?" என்றார். இதை என் மகளுக்கு அவள் பெரியவளான அன்றே சொன்னேன். ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் அல்லாஹ்விடமிருந்து விலக்கி வைக்கப்பட்டவளாக அவள் தன்னை நினைத்துக்கொள்ளக் கூடாது.

அத்தாவின் வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கையைத்தான் தினமும் என் இரு கைக்குள் வைத்துக்கொண்டு ஓதினேன். பள்ளிக்கூட வாத்தியார் கை. நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு, ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் போகவில்லை. ஒன்பதாம் நாள், ஓதி முடிக்கும் முன் அத்தா இடது கையை மெல்லத் தூக்கி என் கைகளை விலக்கினார். வலிக்கிறதோ என்று நினைத்தேன். இரண்டு நாளில் மௌத்தாகிவிட்டார்.

பிறகுதான் அதே துஆவின் மீதிக் கதையை அறிந்தேன். நபியவர்களின் கடைசி நோயில் ஆயிஷா அவர்கள் நபியின் கையைப் பிடித்து, நபியவர்கள் மற்றவர்களுக்குச் செய்தது போலவே ஓதித் தடவப் போனார்கள். நபியவர்கள் தம் கையை விடுவித்துக்கொண்டு, "யா அல்லாஹ், என்னை மன்னித்து, மிக உயர்ந்த நண்பனோடு என்னைச் சேர்த்துவை" என்றார்கள். நபியோடு என் அத்தாவை ஒப்பிட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் என் துஆ ஏற்கப்படவில்லை என்று நாற்பது நாள் மனதுக்குள் வைத்திருந்த குமுறல், இதைப் படித்த ராத்திரிதான் இறங்கியது. ஆயிஷா அவர்களும் சுகத்தைக் கேட்கத்தான் கையைப் பிடித்தார்கள்.

மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா, "என்னையும் கூட்டிட்டுப் போயிடு ரப்பே" என்று அடித்துக்கொண்டு அழுதார். உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த குப்பி, அத்தாவின் கூடப்பிறந்தவர், அம்மாவைத் தோளோடு அணைத்து, "மச்சி, அழுங்க, நல்லா அழுங்க. இந்த வார்த்தை மட்டும் வேணாம். மலக்குமாருங்க ஆமீன் சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றார். அதுவும் உம்மு ஸலமா அவர்களின் வீட்டில் நடந்ததுதான். அபூ ஸலமா இறந்ததும் நபியவர்கள் வந்து, திறந்திருந்த கண்களை மூடிவிட்டார்கள். வீட்டார் கதறியபோது, உங்களுக்காக நல்லதைத் தவிர வேறெதையும் கேட்காதீர்கள், நீங்கள் சொல்வதற்கு மலக்குகள் (வானவர்கள்) ஆமீன் சொல்கிறார்கள் என்றார்கள். குப்பிக்கு எந்த ஹதீஸ் (நபிமொழி) என்று சொல்லத் தெரியாது. ஆனால் சரியான நேரத்தில் அது அவர் வாயில் இருந்தது.

மூன்று நாளும் எங்கள் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து தூக்குவாளியும் தட்டுமாக வந்துகொண்டே இருந்தது. ஹிஜ்ரி 8-இல் (629) மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) இறந்த செய்தி வந்தபோது அவர் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். ஜஅஃபரின் குடும்பத்துக்கு நீங்கள் உணவு தயாரியுங்கள், அவர்களுக்குக் கவனத்தைத் திருப்பும் விஷயம் வந்திருக்கிறது என்று நபியவர்கள் சொன்னது அந்த வீட்டுக்காகத்தான். துக்க வீட்டாரே கடன் வாங்கி வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. மௌத்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் ஒரு ஃபிளாஸ்க் டீயாவது கொண்டுபோங்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பசிக்கிறது என்று சொல்லக்கூடத் தோன்றாது.

அம்மா இத்தாவில், கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் காலத்தில், உட்கார்ந்தார். நான்கு மாதம் பத்து நாள். அந்த மாலைகளில்தான் நானும் அம்மாவும் மகளும் உட்கார்ந்து ஒவ்வொரு துஆவாக, அதற்குப் பின்னால் இருக்கும் பெண்ணோடு சேர்த்துப் பேசினோம். அம்மாவுக்கு நபியவர்களின் மனைவியரில் ஒருவரான ஜுவைரிய்யா (ரலி) அவர்களைப் பிடித்துப்போனது. நபியவர்கள் சுபுஹு (அதிகாலை) தொழுகைக்குப் போகும்போது தொழுத இடத்தில் உட்கார்ந்திருந்தவர், வெயில் ஏறித் திரும்பி வரும்போதும் அப்படியே இருந்தார். நான் மூன்று தடவை சொன்ன நான்கு வாசகங்கள் நீ இவ்வளவு நேரம் சொன்னதைவிடக் கனமானவை என்று நபியவர்கள் கற்றுக்கொடுத்த "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, அதத கல்கிஹி..." அம்மாவின் நாக்கில் இரண்டே நாளில் ஏறிவிட்டது. எனக்குக் கடை, சமையல், அம்மா என்று முதுகு ஒடிந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பிடித்தது ஃபாத்திமா (ரலி) அவர்களின் தஸ்பீஹ். திருகை சுற்றிச் சுற்றிக் கை புண்ணாகி, ஒரு வேலையாள் கேட்கத் தந்தையிடம் போனார்கள், அவர் வீட்டில் இல்லை. ராத்திரி தகவல் தெரிந்து நபியவர்கள் வந்தபோது மகளும் மருமகனும் படுத்துவிட்டிருந்தார்கள். எழப் போனவர்களை அப்படியே இருக்கச் சொல்லி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்களின் பாதக் குளிர்ச்சியை என் நெஞ்சில் உணர்ந்தேன் என்று அலி (ரலி) சொல்கிறார்கள். படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34, இது வேலையாளைவிட உங்களுக்கு மேலானது என்றார்கள். ஸிஃப்பீன் போர் இரவில்கூட அதை விடவில்லை என்று அலி அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். அதை ஓதுவதால் பாத்திரக் குவியல் குறையாது. ஆனால் நூறு முடிவதற்குள் தோள் தளர்ந்துவிடும், மறுநாள் வேலையைப் படுக்கையிலேயே செய்துகொண்டிருக்கும் மனது நின்றுவிடும். விரல் கணுவில் எண்ணுகிறேன், பெரும்பாலும் மூன்றாவது முப்பதில் தூங்கிப்போகிறேன்.

ஒன்றில் மட்டும் அம்மா பிடிகொடுக்கவில்லை. இழப்பு வந்தால் ஓதும் துஆ: "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன், அல்லாஹும்மஃஜுர்னீ ஃபீ முஸீபத்தீ, வஅக்லிஃப் லீ கைரன் மின்ஹா." என் சோதனைக்குக் கூலி கொடு, இதைவிட மேலானதை எனக்குப் பகரமாகக் கொடு. கடைசிப் பகுதி வந்ததும் அம்மா வாயை மூடிக்கொள்வார். "அவங்களைவிட மேலானது எனக்கு எதுக்கு?" என்பார். நான் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் உம்மு ஸலமா அவர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள். அபூ ஸலமாவைவிட மேலானவர் யார், முதலில் ஹிஜ்ரத் செய்த வீடல்லவா அது என்று தனக்குள் கேட்டுக்கொண்டதாக அவர்களே அறிவிக்கிறார்கள். பிறகு "நான் அதைச் சொன்னேன்" என்று ஒரே வாக்கியம். நம்பிக்கை பொங்கி வழிந்து சொன்னதாகத் தெரியவில்லை, கற்றுத்தந்தவர் மேல் இருந்த மரியாதையில் சொன்னதாகவே எனக்குப் படுகிறது. பின்னால் நபியவர்களே பெண் கேட்டு ஆள் அனுப்பியபோதும், எனக்குக் குழந்தை இருக்கிறது, நான் பொறாமைக் குணம் உள்ளவள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னவர். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். துஆ கேட்பவர் தன் மனதை அல்லாஹ்விடம் மறைத்து அழகாகப் பேச வேண்டியதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தமிழில், தன் வார்த்தையில் கேட்க ஆரம்பித்தார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பழக்குவதையும் உம்மு ஸலமா அவர்களிடமிருந்துதான் கற்றேன். மக்காவுக்குள் போகவிடாமல் தடுக்கப்பட்ட ஹுதைபிய்யாவில், ஹிஜ்ரி 6-இல், குர்பானி கொடுத்துத் தலையை மழியுங்கள் என்று நபியவர்கள் மூன்று தடவை சொல்லியும் மனமுடைந்திருந்த தோழர்கள் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்தவர்களிடம் உம்மு ஸலமா சொன்ன யோசனை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய் உங்கள் ஒட்டகத்தை அறுங்கள், நாவிதரைக் கூப்பிட்டு மழித்துக்கொள்ளுங்கள் என்பது. அப்படியே செய்தார்கள், எல்லாரும் எழுந்தார்கள். "துஆ ஓதினியா, ஓதினியா" என்று நான் மகன் பின்னால் துரத்திய வருடங்கள் வீண். இப்போது நான் கதவருகே நின்று, அவன் காதில் விழுகிற மாதிரி என்னுடையதை ஓதிவிட்டுப் போகிறேன். ஒரு வாரத்தில் அவனும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான். ஒரு நேரத்தில் ஒரு துஆ போதும், அதையும் கை தொடும் ஒரு பொருளோடு சேர்த்துவிடுங்கள். எங்களுக்குக் கதவுச் சங்கிலி, தலையணை, மொட்டைமாடியில் துணி எடுக்க ஓடும்போது மழை.

இத்தா முடிந்து அம்மா முதலில் வெளியே போனது அத்தாவின் பென்ஷனைத் தன் பேருக்கு மாற்றும் வேலையாக. அம்மா தனியாக எந்த அலுவலகத்திலும் நின்றதில்லை. எல்லாம் அத்தாதான் பார்த்துக்கொண்டார். பையில் சான்றிதழ்களை நான்கு தடவை எண்ணிப் பார்த்தார். கதவருகே வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டிக்கரை விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். பிஸ்மில்லாஹி தவக்கல்து அலல்லாஹி. அன் அளில்ல, அவ் உளல்ல. அவ் அள்லிம, அவ் உள்லம. விரல் தேய்ந்த இடத்தில் வந்து நின்றது.

"இதுக்கு மேல என்னம்மா?"

"அவ் அஜ்ஹல, அவ் யுஜ்ஹல அலய்ய" என்றேன். "நான் யார்கிட்டயும் மடத்தனமா நடக்கக் கூடாது, என்கிட்ட யாரும் அப்படி நடக்கக் கூடாதுன்னு அர்த்தம்மா."

அம்மா அதை இரண்டு தடவை சொன்னார். சங்கிலியைத் தானே கழற்றினார். நான் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.